உயிரோடிருந்தவனுக்கு நட்ட சிலுவைக்கல்

பெரடாக் எந்தப் போரிலும் காயம் பட்டதில்லை. போர் முடிந்த பிறகு போய்ச் சேருகிறவனுக்குக் காயம் எப்படிப் படும்? ஒரு முறை வயிற்றுப்போக்கு, இன்னொரு முறை குதிரைக்கு நொண்டல். வேட்டையில் காட்டுப்பன்றி துரத்தினால் மரத்தில் ஏறிக்கொள்வான். இருந்தாலும் பிக்டு நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் அவனுக்கு நல்ல பார்லி வயலும், விருந்துக் கூடத்தில் தலைவருக்குப் பக்கத்திலேயே ஓர் இருக்கையும் இருந்தன. அவன் காலத்துக்குப் பிறகு அந்த இருக்கை அக்காள் மகன் தாரனுக்கு. அங்கே வழக்கம் அப்படி.

பெரிய மனிதர் செத்தால் சிலுவைக்கல் நடுவார்கள். முன்பக்கம் சிலுவை. பின்பக்கம் பிறை, முறிந்த அம்பு, சீப்பு, இன்னதென்று யாருக்கும் தெரியாத ஒரு நீந்தும் மிருகம். ஓரத்தில் கீழிருந்து மேலாக, கோடு கோடான எழுத்தில் செத்தவர் பெயர்.

"செத்தவங்களுக்குத்தானேய்யா பேரு வெட்டுவோம்?" என்றார் கல்தச்சர் எதர்னன், பெரடாக் தனக்கே ஒரு கல் கேட்டதும்.

"நான் செத்தப்புறம் அந்தத் தாரன் பய என்ன வெட்டச் சொல்வான்? ஒரு சீப்பு! நீ என்னைக் குதிரை மேல வெட்டு. கையில ஈட்டி, முன்னால மான்."

"பன்னி வேணாமா?"

"மான்னு சொன்னேன்!"

கோயிலுக்குப் போகும் பாதையில் கல் எழுந்தது. ஓரத்தில் 'பெரடாக்கின் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்' என்று வெட்டியிருந்தது. போவோர் வருவோரெல்லாம் மண்டியிட்டு, 'நல்ல மனுஷன்' என்று அவனுக்காக வேண்டினார்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்து கேட்ட பெரடாக்குக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவனைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, பாவம்.

அடுத்த விருந்தில் அவன் இருக்கையில் தாரன் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா!"

"செத்தவங்க இடம் மருமகனுக்குத்தானே மாமா?"

"குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, கண்ணு தெரியல?"

"நிக்கிறீங்க, யாரு இல்லேன்னா? அங்க கல்லும் நிக்குதே. ஊரே மண்டி போட்டு வேண்டியாச்சு. வேண்டினதைத் திருப்பி வாங்க முடியுமா, சாமி?"

விருந்துக்கு வந்திருந்த துறவி வாய் நிறைய மாட்டிறைச்சியோடு தலையை ஆட்டினார். முடியாதாம்.

தலைவர்தான் இரங்கினார். "பேரைக் கொத்தி எடுத்துடு பெரடாக். ஒன் இடம் ஒனக்கு."

விடிந்ததும் உளியோடு போனான். கல்லில் குதிரைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் துளி பயமில்லை. பெயரை எடுத்துவிட்டால் அவன் வேறு யாரோ ஆகிவிடுவான். பெரடாக்குக்குக் கை எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அதன்பின் விருந்துகளில் வாசலோரம் நாய்களோடு உட்கார்ந்து, வந்த எலும்பைக் கடித்தான். சில ஆண்டுகள் கழித்து நிஜமாகவே செத்தான். யாரும் மண்டியிடவில்லை. அவனுக்கான மன்றாட்டெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதே.