அப்பா நிஜமாகவே மாரடைப்பால்தான் இறந்தார்

அப்பாவின் முதலாம் ஆண்டுப் படையலுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். அதனால் அச்சகக்காரர் தயாராக வைத்திருந்த கட்டுரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் இதான்மா போடறோம், பேரும் ஊரும் மட்டும் மாத்திக்கலாம்" என்றார். அதில் 'புன்னகை மாறாத முகத்தினர்' என்று இருந்தது. அதைப் போட்டால் வேறு யாருடைய நினைவு மலரையோ கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மாரடைப்பால் இறந்தார். நிஜமான மாரடைப்பு. இதை நாங்கள் பெருமையோடு அச்சடிக்கிறோம்.

அப்பா ஒடுகத்தூர் பக்கத்தில், மலையடியில், நிலக்கடலை போடும் வீட்டில் பிறந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. மீசை முளைக்கும் முன்பே ஆம்பூருக்கு வந்து தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார். ஊறிய தோலைச் சுமந்து சுமந்து அந்த வாடை அவர் உடம்பிலேயே தங்கிவிட்டது. பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைக்காத நாளே இல்லை. பக்கத்து இடமும் சேர்ந்தே கிடைக்கும். பிறகு தம்பியையும் வரவழைத்து அதே ஷாப்பில் சேர்த்துவிட்டார். அவர்தான் எங்கள் சித்தப்பா. அப்பா சிரிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துச் சிரிப்பவர்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா இறந்தார். அவருக்கும் இதே அச்சகத்தில்தான் மலர் அடித்தோம். அதில் மாரடைப்பு என்று போட்டோம். அது பொய். சித்தப்பா தற்கொலை செய்துகொண்டார். வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

அந்தப் பொய்யை வந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் ஆலோசனையும் சொன்னார்கள். "இந்த வயசுலயே மாரடைப்புன்னா பரம்பரையா இருக்கும். எண்ணெயைக் கம்மி பண்ணுங்க." செய்யாத குற்றத்துக்குக் கடலை எண்ணெய் எங்கள் வீட்டை விட்டு வெளியேறியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நின்றது. ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணி சாப்பிடாத ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். நாள் முழுக்கத் தோல் சுமக்கிற அப்பாவை எதிர்வீட்டுக்காரர் காலையில் நடைப்பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்பாவும் போனார். அவர் பேச நினைத்தது தம்பியைப் பற்றி, பேச முடிந்ததெல்லாம் கொழுப்பைப் பற்றித்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் தூக்கம் போனது, சாப்பாடு போனது. ஒருநாள் மொபெட்டும் போனது. அந்த மொபெட்டை அவர் வேறு யாருக்கும் தொடக் கொடுத்ததில்லை. அம்மாவே சேலையைத் தட்டிவிட்டுத்தான் பின்னால் உட்கார வேண்டும். அதை ஷாப்பில் கூட வேலை செய்த நண்பர் பாய் மாமாவிடம் கொடுத்து, "வச்சிக்கோ தோஸ்த், எனக்கு இனிமே இன்னாத்துக்கு" என்றிருக்கிறார். பாய் மாமா சந்தோஷமாக ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை போனார். அங்கேதான் அவருக்கு உறைத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"இன்னாப்பா, சாவணும்னு நெனப்பு இருக்கா?"

அம்மா பதறிவிட்டார். "அண்ணா, வெளக்கு வெக்கற நேரத்துல இன்னா பேச்சு இது?"

"சும்மா இரு தங்கச்சி. குழம்புல உப்பு இருக்கா, காரம் இருக்கான்னு தெனம் கேக்கறோம். இதைக் கேட்டா இன்னா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "இருக்கு" என்றார்.

"சரி. தெரிஞ்சிபோச்சு இல்ல. தங்கச்சி, டீ போடு" என்று பாய் மாமா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேலூரில் மனநல டாக்டரிடம் போனோம். "கேட்டதால அந்த எண்ணம் வந்துடாது. இருந்தது வெளிய வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. மாத்திரையை விடக்கூடாது, தம்பியைப் பற்றிப் பேசவிட வேண்டும், கொஞ்ச நாளைக்குத் தனியாக விடக்கூடாது என்றார். எங்கள் சொந்தங்கள் அவர் கடைசியாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் அண்ணனான அரக்கோணம் மாமா பெட்டியோடு வந்து இறங்கினார். அப்பாவின் அக்காவான ஆலங்காயம் அத்தை சீதாப்பழக் கூடையோடு வந்தார். அப்பா குளியலறைக்குப் போனாலும் மாமா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டார்.

"இன்னா மச்சான், இன்னும் வரல?"

"ஒண்ணுக்குக்கூட தனியா போவ விட மாட்டீங்களா?"

"போ, யார் வேணான்னா. பேசிக்கினே போ."

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா, "தூக்கம் வருதாங்கய்யா?" என்று கேட்டார். "எனக்குக் கொஞ்சம் வருதும்மா. மச்சானுக்குத்தான் ஜாஸ்தியா வருது. அவர் வுடற கொறட்டையில சாவற நெனப்பு மட்டும் இல்ல, எந்த நெனப்பும் வர மாட்டேங்குது" என்றார் அப்பா. டாக்டரம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த நினைப்பு சில சமயம் திரும்பி வரும். அப்போது அப்பாவே பாய் மாமாவுக்குப் போன் செய்து, "இன்னிக்கு வா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். அவரும் வந்துவிடுவார். வீட்டில் சித்தப்பாவின் பேச்சு திரும்பி வந்தது. கடலை எண்ணெயும் திரும்பி வந்தது.

பிறகு அப்பாவும் எல்லாரையும் கேட்க ஆரம்பித்தார். வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை முகம் சுண்டி உட்கார்ந்திருந்தார். அப்பா மேடையேறி மாலையை விலக்கி, காதருகே குனிந்து, "மாப்ள, சாவணும்னு எதனா தோணுதா?" என்று கேட்டார். "இல்ல மாமா, புது ஷூ கடிக்குது" என்றார் மாப்பிள்ளை. மைக் பக்கத்திலேயே இருந்தது. பெண் வீட்டார் இன்னமும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அப்படிக் கேட்டதில் ஒருவர் ஒருநாள், "ஆமாண்ணா" என்று சொல்லியிருக்கிறார். அவர் பெயரைப் போட மாட்டேன். இப்போது அவர் நலமாக இருக்கிறார். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

அப்பா இறந்த அன்று வந்தவர்களில் பாதிப் பேர் என்னைத் தனியாக அழைத்து, "உண்மையைச் சொல்லும்மா" என்றார்கள். பொய்யை நம்பிய அதே ஆட்கள் உண்மையை நம்பவில்லை. அரக்கோணம் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஈசிஜி காகிதத்தைப் பட்டுச்சேலை மாதிரி விரித்துப் பிடித்து, "பாத்துக்கோங்க, நல்லா பாத்துக்கோங்க" என்று பந்தல் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

உயிரோடு இருந்தபோதே அப்பா என்னிடம் சொல்லியிருந்தார்: "தம்பி விஷயத்த ஒருநாள் சரியா போடணும்மா. என்னோட மலர்லயே போட்டுடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்." இதோ போட்டுவிட்டேன் அப்பா. சித்தப்பா நல்லவர். அவருக்கு வந்த வலி எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றும் அப்போது தெரியவில்லை. இதைப் போட்டதால் என்னைக் கட்ட யாரும் வரமாட்டார்கள் என்று அத்தை கவலைப்படுகிறார். இதைப் படித்துவிட்டு வருகிறவர் வந்தால் போதும்.

பாய் மாமாவுக்கும், டாக்டரம்மாவுக்கும், நாற்காலி போட்ட மாமாவுக்கும், அத்தைக்கும், பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. மொபெட் இப்போது பாய் மாமாவிடம்தான் இருக்கிறது. யாரையாவது டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமென்றால் கேளுங்கள், கொடுப்பார்.

இன்று பந்தியில் பிரியாணி, கடலை எண்ணெயில் செய்தது. யாராவது இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் அப்பா கேட்ட மாதிரியே கேளுங்கள். ஷூ கடிக்கிறது என்றால் கழற்றச் சொல்லுங்கள். "இருக்கு" என்றால், உங்கள் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.