நான்கு மணி வரை காலி

கல்லூரிக் கணினிக் கூடத்தில் நாற்பது இயந்திரங்கள். யாருடைய வேலை எப்போது ஓடும் என்று முறை வைப்பவரைக் கல்லூரியே ‘கறார் மேடம்’ என்றுதான் சொல்லும். மேடத்துக்கும் அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

அன்று காலையிலிருந்தே மேடத்துக்கு வசவு. மழைக் கணிப்புக்காரர்களின் வேலைக்கு நாற்பதும் ஒரே நேரத்தில் வேண்டும். காலியாகக் காலியாகப் பிடித்து வைத்தால்தான் நாற்பது சேரும். விட்டால் சின்ன வேலைகள் புகுந்துவிடும். பெரியது ஆயுசுக்கும் காத்துக் கிடக்கும். ஆனால் ஓர் இயந்திரம் சும்மா இருந்தால் போதும், ஆளாளுக்கு மூக்கு வியர்த்துவிடுகிறதே!

பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றவர் மேடத்தின் வீட்டுக்காரர். அதே கல்லூரியில் பாலங்களின் உறுதியை ஆராய்பவர். மாலை ஆறு மணிக்குள் கட்டுரை போகாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு வீண்.

“பன்னெண்டு மெஷின் சும்மாதானே கெடக்கு? கட்டுரைக்கான என் கடைசிக் கணக்கை ஓட விடேன்.”

“ஒரு நாள் வேணும்னு எழுதியிருக்கீங்க. மத்த மெஷினெல்லாம் நாலு மணிக்குள்ள காலியாயிடும், அப்ப நாப்பதும் மழைக்காரங்களுக்குப் போகணும்.”

“எதுக்கும் இருக்கட்டுமேன்னு எழுதினேன்.”

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மனுஷன் வீட்டில் ‘அஞ்சே நிமிஷம்’ என்பார், ஒரு மணி நேரம் ஆகும். இயந்திரத்திடம் ஒரு நாள் கேட்பார், மூன்று மணி நேரத்தில் முடிப்பார். அவருடைய பழைய பதிவுகளை மேடம் திறந்து காட்டினார். ஒன்பது வேலைகளில் ஒன்றுகூட மூன்றேகால் மணி நேரத்தைத் தாண்டவில்லை.

“மூணரைன்னு மாத்தி எழுதுங்க, நடுவுல இருக்கிற இந்த நேரத்துல ஓடிடும். ஆனா தாண்டிச்சுன்னா நானே நிறுத்திடுவேன்.”

“புருஷன்னுகூட பார்க்கமாட்டியா?”

“பார்த்ததாலதான் இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கேன்.”

அவர் மூன்றரை என்று திருத்தினார். பன்னிரண்டேகாலுக்கு வேலை ஓடத் தொடங்கியது. மேடம் வேறு எதையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாலும் கண் என்னவோ அந்த வேலை ஓடிய நேரத்தின் மேலேயே இருந்தது. நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். அப்புறம் அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்றேகால் மணி நேரமும் தாண்டிவிட்டது. கெடு முடிய ஆறே நிமிடம் இருக்கும்போது வேலை முடிந்தது. அப்பாடா என்றிருந்தது மேடத்துக்கு. நான்கு மணிக்கு மழைக்காரர்களுக்கு நாற்பதும் போயின.

ஐந்து மணிக்குக் கைப்பையோடு கணவரின் அறைக்குப் போனார் மேடம். அவர் கட்டுரையில் கடைசி எண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“கிளம்பலாமா?”

“அஞ்சே...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மீதிப் பக்கங்களைப் புரட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாப்பது நிமிஷம் ஆகும்.”

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை மேடம் கேட்டதே இல்லை. மனசு நிறைந்துபோய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.