தண்ணீர் குடிக்காதவர்

ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதிய ஒரு வரி ஆறு வருடமாக வண்டிக்காரருக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: 'நோயாளி தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை.' ஏன் குடிக்கவில்லை என்று ஒருத்தராவது கேட்டார்களா? கம்பெனிக்காரர்களும் அதே வரியைக் காட்டிக் கையைக் கழுவிவிட்டார்கள்.

நோயாளி வேறு யாருமில்லை, அவருடைய தங்கச்சி புருஷன். இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. இவர் சரக்கைத் தூக்கி வைக்கும் வண்டி ஓட்டினார். மாப்பிள்ளை அலமாரி அலமாரியாக நடந்து, ஆர்டர் வந்த சாமான்களை எடுத்துத் தள்ளுவண்டியில் போடுகிறவர். அவர் மணிக்கட்டில் ஒரு மெஷின். எந்த வரிசை, எந்தத் தட்டு என்று அதுதான் சொல்லும். மூன்று நிமிடம் நின்றாலோ, வரிசையை விட்டு வெளியே போனாலோ சிவப்பாகிக் கத்தும். மூன்று சிவப்பு விழுந்தால் ஆபீசுக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். கக்கூஸோ கிடங்கின் மறுகோடியில். மாப்பிள்ளை கண்டுபிடித்த வழி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

"ஏன் மாப்ள, ஒட்டகமே உன்கிட்ட வந்து பாடம் படிக்கும்போல?"

"ஒட்டகத்துக்கு யாரு மச்சான் கையில மெஷின் கட்டுறா?"

சிரிப்பார். உதடு வெடித்திருக்கும்.

ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலமாரியில் சாய்ந்துவிட்டார். வண்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"அதக் கழட்டிக் குடு. என் வண்டியில மாட்டிக்கிறேன். நீ நிதானமா போயிட்டு வா."

மாட்டிக்கொண்டு வரிசைக்குள்ளேயே ஓட்டினார். சிவப்பு விழவில்லை. பத்து நாள் இப்படியே ஓடியது. மாப்பிள்ளை பாட்டில் பாட்டிலாகக் குடித்தார்.

"ஒன்னுக்குப் போறதுல இவ்ளோ சொகம் இருக்குன்னு தெரியாமப் போச்சே மச்சான்!"

பதினோராம் நாள், யார் எவ்வளவு வேகம் என்று காட்டும் சுவர்த்திரையில் மாப்பிள்ளையின் எண் முதலில் மின்னியது. கிடங்கிலேயே வேகமான நடையாம். சூப்பர்வைசர் கைகொடுத்தார். ஆள் நடந்தாரா, வண்டி ஓடியதா என்று மெஷினுக்கு என்ன தெரியும்? இவ்வளவு வேகக்காரருக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று ஒவ்வொரு சாமானுக்கும் கொடுத்த நேரத்தைக் குறைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். அன்றிலிருந்து மாப்பிள்ளை ஓடினார். மெஷினைக் கழற்றிக் கொடுக்கவும் நேரமில்லை, ஒரு மடக்கு குடிக்கவும் நேரமில்லை.

இரண்டு வருடத்தில் கால் வீங்கியது. பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய அழைத்துப்போனது வண்டிக்காரர்தான். இப்போது டாக்டரே தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"குடிக்கிற உடம்பு இருந்தப்ப விடல. இப்ப குடிச்சா செத்துருவேனாம். நல்லா இருக்கு மச்சான் நம்ம கத."

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று தங்கச்சி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வண்டிக்காரர் கட்டிலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு நான் அந்த மெஷின வாங்கி மாட்டாம இருந்திருந்தா..."

"பத்து நாள் நல்லா இருந்தேன்ல. விடுங்க." மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. குழாய் செருகாத கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மச்சான். அவளுக்கு இனிமே நீங்க ஒருத்தர்தான்."