செட்டிங் கலைக்காத மெஷின்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவின் பட்டறை. நான்கு லேத்துகளில் மூன்று ஓடும், நான்காவது சும்மா நிற்கும். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போகும் பாசன பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்த மெஷின் அது. அங்கே போர் வந்தது, ஆர்டர் நின்றது. ஷாஃப்டுக்கென்று அதில் பொருத்திய பிடிகளையும் அளவுகளையும், பட்டறைப் பாஷையில் செட்டிங்கை, அப்பா கலைக்கவிடவில்லை. கலைத்தால் மறுபடி அமைக்க ஒரு வாரம் பிடிக்கும்.

“சண்டை நின்ன மறுநாளே ஆர்டர் வரும்டா. அப்ப கையப் பிசைஞ்சிக்கிட்டு நிக்க முடியாது.”

நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று பட்டறைக்குள் வந்தவன். ஒரே மாதத்தில் அந்த நாட்டுச் செய்திகளைக் கரைத்துக் குடித்துவிட்டேன். சண்டை நிறுத்தம் அறிவித்த அன்று மாங்காட்டில் ஜிலேபி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

லேத் ஓட்டும் அண்ணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “இன்னா நைனா, பொண்ணு பாத்துட்டியா?”

“போர் நின்னுடுச்சுண்ணே!”

“அப்டியா? அந்த மெஷினுக்கும் ஒண்ணு ஊட்டு. ரெண்டு வருசமா பட்னி கீது.”

ஆர்டர் வரவில்லை. அங்கே பம்பு விற்றவரை நானே போனில் பிடித்தேன். பொறுமையாகச் சொன்னார். வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன. வயலில் கண்ணிவெடி. மெக்கானிக்குகள் எல்லை தாண்டிப் போய் அங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள். பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் யார் பம்பு வாங்குவார்கள்?

அதே வாரம் சென்னீர்குப்பத்திலிருந்து ஒருவர் லாரி பாகம் ஒன்றோடு வந்தார். மாதாமாதம் வேலை, நான்காவது மெஷினில்தான் அடங்கும், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். மற்ற மூன்றுக்கும் இப்போதெல்லாம் அரை நாள் வேலைகூட இல்லை. இதை விட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அப்பாவோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். போனில் கேட்டதை அப்படியே சொன்னேன்.

கடைசியில் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். “நீயே கழட்டு.”

நட்டில் துளித் துரு இல்லை. சனிக்கிழமைதோறும் எண்ணெய் விட்டிருக்கிறார்.

“இன்னா நைனா, தாலியா கட்டப் போற? திருப்பு!” என்றார் அண்ணன்.

கை திரும்பவில்லை. “திங்கள் வரைக்கும் இருக்கட்டுமேப்பா. இன்னொரு தடவ போன் போட்டுப் பாக்கறேன்.”

அப்பா முகத்தில் நிம்மதி வந்தது. ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டார்.

லாரி வேலை வானகரத்துப் பட்டறைக்குப் போய்விட்டது. இப்போது சனிக்கிழமைகளில் எண்ணெய் விடுவது நான்.