இரண்டு கையும் ஹாண்டிலில்

என் மகள் கால்வாய்க்குள் விழுந்ததற்குக் காரணம் நான் சைக்கிளை விட்டு இறங்கியதுதான். பிரேக் நன்றாக வேலை செய்தது. மழை இல்லை, பாதை காய்ந்திருந்தது. இப்போது அவள், வருகிற கோடையில் விட்ட இடத்திலிருந்து அந்தப் பயணத்தை முடிக்க வேண்டும் என்கிறாள். என்னையும் கூட்டிக்கொண்டு. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

முதல் முறை நான் போனதே பயத்தினால்தான். நாங்கள் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோவில். அவள் வேறு ஊரில், ஸ்தவாங்கரில் வேலை செய்கிறாள். ஒரு நாள் தொலைபேசியில், பிரான்சில் வைன் செய்கிற ஊர்கள் வழியாக, ஒரு கால்வாய்க் கரையோடு சைக்கிளில் போகப் போவதாகச் சொன்னாள்.

“ஆரோடை?”

“தனியத்தான்.”

“இரவிலை எங்கை படுப்பாய்?”

“கட்டிலிலைதான், அம்மா.”

நான் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். மறுநாள் மதிய இடைவேளையில் அந்தப் பாதையை வரைபடத்தில் பார்த்தேன். சைக்கிள் பாதை ஒரு கோடு, அதை ஒட்டித் தண்ணீர் ஒரு நீலக்கோடு. எவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்தாலும் அந்த நீலக்கோடு விலகவே இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் நீச்சல் படித்தவள். ஆனாலும் அன்று பின்னேரம் நானும் வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். கணவர் சிரித்தார். “நீர் அவளுக்குக் காவலோ, அவள் உமக்குக் காவலோ? நான் இஞ்சை இருந்து ரெண்டு பேருக்கும் பயப்பிட வேணும்.”

புறப்படுவதற்கு முன் மகள் ஒஸ்லோ வந்து எனக்குப் பழக்கினாள். புருசெத்தில் எங்கள் வீட்டிலிருந்து எல்லிங்ஸ்ருட் வரை போய் வருவோம். சைக்கிள் எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது காட்ட வேண்டிய கைச் சைகைகள் புதிது. இடப்பக்கம் திரும்ப இடக்கை, வலப்பக்கம் திரும்ப வலக்கை, நிற்பதென்றால் கையை நேரே மேலே உயர்த்த வேண்டும்.

“நிக்கிறதுக்கு முதல் கையைத் தூக்குங்கோ. உங்கடை மனசிலை என்ன ஓடுதெண்டு பின்னாலை வாற எனக்குத் தெரியாது.”

நான் நல்ல மாணவி. குறுக்கே வந்த நாய்க்கும் கையை உயர்த்தினேன். “அம்மா, உது எனக்குக் காட்டுற சைகை. நாய்க்கில்லை.”

பிரான்சில் நான் பயப்படாத பொருள் இல்லை. தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் உழவு இயந்திரத்துக்குப் பயந்தேன். கரையில் மேயும் வாத்துகளுக்குப் பயந்தேன். ஓர் ஊரில் மகள் வைனை வாயில் வைத்துப் பார்க்க நின்றபோது, இனிச் சைக்கிளில் நேரே போவாளா என்று பயந்தேன். அங்கே சுவைத்துவிட்டு ஒரு வாளிக்குள் துப்புகிறார்கள். “நல்ல சாமானை ஏனடி துப்பிறியள்?” என்று கேட்டேன். “உங்களுக்காகத்தான் துப்பிறன்,” என்றாள்.

அவள் எப்போதும் தண்ணீர்ப் பக்கமாகவே ஓட்டினாள். இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா என்று கத்திக்கொண்டே போவேன். பதறாதேயுங்கோ என்பதை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள். “ஸ்லாப் ஆவ், அம்மா.” நான் மெதுவாக ஓட்டுவதால் என்னை முன்னால் போகவிட்டு அவள் பின்னால் வந்தாள்.

கால்வாயில் அடிக்கடி நீர்க்கதவுகள் வரும். ஆழமான கற்கிடங்கு ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் பெரிய கதவுகள். படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை நிரப்புவார்கள், அல்லது வடிய விடுவார்கள். படகு அடுத்த மட்டத்துக்கு ஏறும், இறங்கும். பெரும்பாலான கதவுகளில் ஆளே இல்லை. சிலவற்றில் காற்சட்டையும் பனியனும் போட்ட மாணவர்கள் நின்று கையசைத்தார்கள். எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று பின்னேரம் வந்த நீர்க்கதவில் பாதை ஒரு சிறிய மேட்டில் ஏறி, கிடங்கின் கல்விளிம்பை ஒட்டிப் போனது. மேட்டில் ஏறியதும் எதிரே ஒரு ஆள் நின்றார். பச்சைக் காற்சட்டை, பச்சைச் சட்டை, தொப்பி. கதவைச் சுழற்றுகிற நீளமான இரும்புத்தடியைத் தோளில் சாய்த்திருந்தார். மற்றக் கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். கீழே காத்திருந்த ஒரு படகுக்குத்தான் காட்டினார்.

நான் இறங்கினேன். என் கால் இறங்கியது என்பதுதான் சரி.

நான் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போகிற எவரும் ஆமிச் சென்றிக்கு, அதாவது இராணுவக் காவலரணுக்கு, முன்னால் இறங்கிவிட வேண்டும். உருட்டிக்கொண்டு போக வேண்டும். தாண்டிய பிறகும் உடனே ஏறக்கூடாது. இரண்டு கையும் ஹாண்டிலில் தெரிய வேண்டும். கையை எடுத்தால், எதற்காக எடுத்தாய் என்பதைத் துவக்கோடு நிற்பவன் தீர்மானிப்பான். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒஸ்லோவில் இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், ஒரு முறைகூட இப்படி நடந்ததில்லை. பச்சை உடுப்போடு, தோளில் தடியோடு, கையை உயர்த்தி ஒருவர் என் முன்னால் நின்றதில்லை.

பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. மகளின் முன்சில்லு என் கரியரில் மோதியது. என்மேல் ஏறாமல் இருக்க அவள் சைக்கிளை வெட்டித் திருப்பினாள். திருப்பிய பக்கம் தண்ணீர்.

கிடங்கில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சுழித்துக்கொண்டு கீழே போனது. அவளுடைய சிவப்பு ஹெல்மெட் உள்ளே போனது, வந்தது, மறுபடி போனது. அந்த ஆள் தடியோடு ஓடிப்போய்த் தண்ணீர் போகும் வழியை அடைத்தார். பிறகு விளிம்பில் குப்புறப் படுத்துக் கொக்கி போட்ட கம்பு ஒன்றை இறக்கினார். அவள் அதைப் பிடித்து, சுவரில் பதித்திருந்த இரும்புப் படிக்கு வந்து, ஒரு கையால் ஏறினாள்.

இவ்வளவும் நடந்து முடியும் வரை நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. ஓடவில்லை. பிள்ளை தண்ணீருக்குள் போகிறாள், என் இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கின்றன. படகிலிருந்து ஏறி வந்த ஒரு பெண்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சைக்கிளை வாங்கினாள்.

மகள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். “ஏன் இறங்கினனீங்கள்? கை காட்டேல்லையே,” என்றாள்.

“அந்த ஆளைக் கண்டனான். ஆமி எண்டு…”

சென்றிக் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள். அவர் பூப்போட்ட கோப்பையில் கோப்பி கொண்டு வந்துகொண்டிருந்தார், பாதி தட்டில் சிந்தியிருந்தது. “இவரோ?” என்று சிரிக்கத் தொடங்கினாள், தோள் வலித்ததும் நிறுத்தினாள். பிறகு பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அவருக்கு ஏதோ சொன்னாள். அவர் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அம்புலன்ஸ் வரும் வரை அதைத் திரும்பப் போடவில்லை.

தோளெலும்பில் ஒரு வெடிப்பு. அவ்வளவுதான் என்றார்கள். விமான நிலையத்துக்கு வந்த கணவர் ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு கடையில் தள்ளுவண்டியைப் பிடித்தால் என் கைகளைப் பார்க்கிறேன். ஆய்வுகூடத்தில் ஏதாவது உலோகம் உரசினால் திரும்பிப் பார்க்கிறேன்.

தோள் சுகமானதும் மகள் வந்தாள். “மிச்சத்தைப் போய் முடிப்பம்.”

“வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு போ.”

“வேறை ஆரோடையும் போனால் நீங்கள் இஞ்சை இருந்து செத்துப் போவீங்கள். இறங்கிறது பிரச்சினை இல்லை, அம்மா. கையைத் தூக்கிப்போட்டு இறங்குங்கோ.”

“கை வராது.”

“பழகினால் வரும்.”

அடுத்த சனிக்கிழமை எல்லிங்ஸ்ருட் பாதையில் கணவர் பச்சை மழைச்சட்டை போட்டு, பனி அள்ளும் சவளைத் தோளில் சாய்த்து, கையை உயர்த்திக்கொண்டு நின்றார். பனி ஒரு துளியும் இல்லாத நாள். நாயோடு போன ஒரு கிழவர் சவளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எவ்வளவு நேரம் நிக்கிறது? சனம் பாக்குது,” என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வந்தது. கை தானாக மேலே போனது. மகள் பின்னால் கைதட்டினாள். கணவர் சவளோடு நடந்தே வீட்டுக்குப் போனார்.

நாங்கள் இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது, மரக்கிளை வெட்டுகிற ஒரு வேலையாள் பற்றைக்குள்ளிருந்து பாதைக்கு வந்தார். பச்சை மேலுடுப்பு, தோளில் நீளக் கம்பில் கட்டிய வாள். நான் இறங்கினேன். கை வரவில்லை. பின்னால் வரப்போகிற சத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் வெகு தூரத்தில், இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நின்றாள். பிறகு மெதுவாக வந்தாள்.

“கை வரேல்லை,” என்றேன்.

“கண்டனான். வராட்டிலும் எண்டுதான் இவ்வளவு இடம் விட்டு வந்தனான். அங்கையும் இப்பிடியே வாறன்.”

“அவ்வளவு தூரத்திலை நீ விழுந்தால் எனக்குக் கேக்காதே.”

அவள் தன் ஹாண்டிலில் இருந்த மணியைப் பார்த்தாள். “அப்ப மணி அடிச்சுக்கொண்டு வாறன்.”

புருசெத் வரை அடித்துக்கொண்டு வந்தாள். சனம் விலகி நின்று எங்களைப் பார்த்தது. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் நான் மூச்சு விடவில்லை. ஓரிடத்தில் அவள் வேண்டுமென்றே பிந்தி அடித்தாள் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மணி கேட்டது.

வேலையிடத்தில் கோடை லீவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உடனே ரிக்கெற் எடுத்துவிடுவாள்.