காற்றாலைக்குக் கரண்ட் இழுத்த கதை: உக்கடத்திலிருந்து குடிமங்கலம் வரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், உடுமலைப்பேட்டைக்கு வடக்கே குடிமங்கலம் பக்கம் காற்றாலை பார்க்கப் போனேன். அந்தப் பக்கம் போகத் திட்டமிடும் சிலர் வழி கேட்டு எழுதியதால் இப்போது இதை எழுதுகிறேன். பூமியைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. மனைவியின் அண்ணன் கூப்பிட்டார், போனேன். கார்பனைக் குறைப்பது பற்றி அன்று யாரும் பேசவில்லை. கார்பன் என்றால் தட்டச்சு செய்யும்போது இரண்டு தாள்களுக்கு நடுவில் வைப்பது. கரண்ட் அடிக்கடி போகிறது, காற்று இலவசமாக வருகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இலவசமாக வரும் ஒன்றைக் கோயமுத்தூரில் நீண்ட நாள் சும்மா விட மாட்டார்கள்.

மச்சான் சண்முகத்துக்குக் கணபதியில் மோட்டார் பட்டறை. மில் முதலாளிகள் வெளிநாட்டுக் காற்றாலைகளை வாங்கி வரிசையாக நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குத் தூக்கம் போயிற்று. இதை நாமே செய்ய முடியாதா என்று மூன்று பேரைச் சேர்த்தார். வார்ப்படப் பட்டறை வைத்திருந்த வரதராஜுலு, நடு அச்சைத் தாங்கும் பெரிய வார்ப்பைச் செய்வார். கோட்டைமேட்டு இஸ்மாயில் பாய், கியர்பாக்ஸ். சரவணம்பட்டியில் அப்போது சோளக்காட்டுக்கு நடுவில் வெல்டிங் பட்டறை நடத்திய தனபால், கோபுரம். சண்முகம், ஜெனரேட்டர். இறக்கைகளை மட்டும் வெளியே சொல்லிச் செய்தார்கள். வரைபடம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வந்தது. கூட்டு முயற்சியின் வெற்றியை விவரிக்கும் சிறு புத்தகம் எழுதுவது என் பங்கு. வெற்றிக்கு முன்பே அச்சகத்தில் தாள் வாங்கி வைத்துவிட்டார்கள்.

உக்கடத்தில் காலை ஆறரைக்குப் பஸ் பிடித்தேன். உடுமலைக்குப் பொள்ளாச்சி வழியாக எழுபது கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய், இரண்டேகால் மணி நேரம். பங்காளிகள் நால்வரும் வரதராஜுலுவின் அம்பாசிடரில் போனார்கள். அதில் எனக்கும் இடம் சொல்லியிருந்தார்கள். கடைசி நேரத்தில் என் இடத்தில் ஓர் உதிரி வார்ப்படம் ஏறிக்கொண்டது. பஸ்ஸில் வலப்பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள், மலை தெரியும். நான் உட்கார்ந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி தாண்டியும் என் காதுக்குள்ளேயே பயணம் செய்தது.

உடுமலையில் டீ குடித்துவிட்டு டவுன் பஸ். குடிமங்கலத்துக்கு முன்பே இறங்கி, செம்மண் தடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வேட்டி கட்டிய எவரும் அந்தக் காற்றில் கௌரவமாக நடக்க முடியாது. சாலைக்கு அந்தப் பக்கம் மில்காரர்களின் வெள்ளைக் காற்றாலைகள் ஏழெட்டு சுற்றிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் எங்களுடையது நின்றுகொண்டிருந்தது. அன்று அதற்கு வெள்ளோட்டம்.

நிலம் பழனிச்சாமியுடையது. நாற்பது வயதுக்காரர், இரண்டு வருடத்துத் தென்னங்கன்றுகள் முந்நூறு வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது, பம்பும் இருந்தது, அதை ஓட்டத்தான் கரண்ட் இல்லை. விவசாயக் கரண்டுக்கு எழுதிப்போட்டுப் பல வருடம் காத்திருந்து, வரிசையில் அவர் முறை நெருங்கிய நேரத்தில் எங்கள் ஆட்கள் வந்தார்கள். 'தோட்டத்துல கரண்ட் இருந்தா, காத்துல ஓடுச்சுன்னு எவனுங்க நம்புவான்?' என்று சண்முகம் கேட்டிருக்கிறார். பழனிச்சாமி தன் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுவிட்டார். காற்றாலை ஓடும் வரைக்கும் என்று தன் பெரியப்பா வழிப் பங்காளி வீட்டு ஆயில் இன்ஜினை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனி பிறந்தால் இன்ஜின் திரும்பிப் போக வேண்டும். காற்றாலை ஓடாவிட்டால் கன்றுகள் காயும். இது புத்தகத்தில் வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பிரேக்கை விடுவித்தார்கள். காற்றாலை அசையவில்லை. காற்று எங்கள் துண்டுகளைப் பறித்துக்கொண்டு போனது. தனபாலின் துண்டு வேலி தாண்டிப் போய் ஓர் எருமையின் கொம்பில் விழுந்தது. இறக்கை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பொறியியல் தெரியாதவன் என்பதால்தான் அவ்வளவு நேரம். அவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் பம்பு செய்கிறவர், வோல்டேஜ் பாதியாக இறங்கினாலும் ஓட வேண்டும், கிணற்றில் விழுந்து எடுத்தாலும் ஓட வேண்டும் என்று நினைத்துத்தான் செய்வார். வரைபடத்தில் ஓர் அளவு இருக்கும். அதற்கு மேல் தன் பெயர் கெடாமல் இருக்கக் கொஞ்சம் சேர்ப்பார். நால்வரும் அப்படியே சேர்த்திருந்தார்கள். வார்ப்பு தடித்துவிட்டது. கியர்பாக்ஸ் லாரிக்குப் போடும் அளவில் இருந்தது. ஜெனரேட்டரில் தாமிரம் தாராளம். இவ்வளவு கனத்தையும் தாங்கும்படி கோபுரம் வளர்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயர் புடைப்பு எழுத்தில். புயல் வந்தால் எதுவும் ஆகாது. புயல் வராவிட்டாலும் எதுவும் ஆகாது.

இதை யாராவது சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கொங்கு நாட்டில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்தால், ஒருவர் வேலையில் இன்னொருவர் குறை சொல்வது மரியாதையாகாது. கிணற்றடி வேம்பின் கீழே கயிற்றுக் கட்டிலில் கூட்டம் நடந்தது.

'பாயி, உங்க கியர்பாக்ஸ்ல ஒரு சொத்தை சொல்ல முடியுமுங்களா?' என்று ஆரம்பித்தார் வரதராஜுலு.

'நம்முளுத உடுங்க. உங்க வார்ப்பு செலையாட்ட இருக்குதுங்க,' என்றார் இஸ்மாயில் பாய்.

'தனபாலு கோபுரத்துல ரயிலையே ஏத்தலாமுங்க,' என்றார் சண்முகம்.

'எல்லாம் உங்க ஜெனரேட்டர் கூடச் சேர்ந்த நேரமுங்க,' என்றார் தனபால், எருமையிடமிருந்து மீட்ட துண்டை உதறியபடி.

பழனிச்சாமி கைகட்டி நின்றிருந்தார். 'எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. அப்பறம் எதுனால சுத்த மாட்டீங்குது?'

சண்முகம் விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: 'காத்து பத்தலீங்க.'

மற்ற மூவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். காற்று எங்கள் கூட்டில் பங்காளி இல்லை. அதைக் குறை சொல்லத் தடையில்லை.

'அந்தப் பக்கம் சுத்துதுங்களே,' என்றார் பழனிச்சாமி.

'அது வெளிநாட்டு மிசினுங்க. கண்ட காத்துக்கெல்லாம் சுத்தும்,' என்றார் வரதராஜுலு, ஒழுக்கம் பற்றிப் பேசுகிற குரலில்.

வார்ப்பைக் கொஞ்சம் கடைந்து எடையைக் குறைத்தால் என்ன என்று நான் கேட்டேன். நான்கு பேரும் என்னைப் பார்த்த விதத்தில், திரும்பும் பயணத்திலும் அம்பாசிடரில் இடமில்லை என்பது தெரிந்தது.

கடைசியில் சண்முகம்தான் வழி கண்டார். 'மொதல் சுத்துக்கு ஒரு தள்ளு குடுத்தாப் போதுமுங்க. அப்பறம் காத்து பாத்துக்கும். உச்சியில ஒரு மோட்டார் வெச்சுப்போடலாம்.' யாருடைய பாகத்திலும் கை வைக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பழனிச்சாமியின் மனைவி சரஸ்வதி மோர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு மாதமாக இந்தக் கூட்டத்துக்கு மோர் கொடுத்துக்கொண்டிருப்பவர். 'ஏனுங்ண்ணா, மோட்டாருக்குக் கரண்ட் வேணுமில்லீங்களா?' என்று சண்முகத்திடம் கேட்டார்.

'அதுக்கு எழுதிப்போடறோம், அம்மணி.'

'கரண்ட்டே வேண்டாம்னு எங்களை எழுதிக் குடுக்கச் சொல்லிப்போட்டு, இப்ப காத்தாடிக்குக் கரண்ட் கேக்கறீங்களாக்கும். அதுக்கும் மூச்சு வாங்குச்சுன்னா இன்னொரு காத்தாடி வெப்பீங்களா?'

'சும்மா இரு,' என்றார் பழனிச்சாமி. அவர் முகத்தைப் பார்த்தால், அவரும் அதையேதான் கேட்க நினைத்திருந்தார்.

விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். காற்றிலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்ய எங்களுக்கு மின்சாரம் தேவைப்படுகிறது என்ற வாக்கியத்தை இரண்டு முறை அடித்து, மூன்றாம் முறையும் அதையே எழுதினேன். வேறு எப்படியும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. இது இலவச விவசாய இணைப்பு இல்லை, காசு கட்டும் இணைப்பு. அதனால் அந்த நீண்ட வரிசை எங்களுக்குக் குறுக்கே வரவில்லை. பழனிச்சாமி பல வருடம் எதிர்பார்த்த கரண்ட் கம்பம், ஆனி பிறப்பதற்கு முன்பே அவர் தோட்டத்தில் காற்றாலைக்காக நடப்பட்டு நின்றது.

ஆனி நடுவில் மறுபடி போனேன். அதே பஸ், அதே கட்டணம், இம்முறை கண்ணாடி முழுதாக மூடியிருந்தது, வெந்துபோனேன். இரவல் இன்ஜின் ஆனி முதல் தேதியே போய்விட்டதாக சரஸ்வதி சொன்னார். கன்றுகளின் கீழ் ஓலைகள் நுனியில் பழுக்கத் தொடங்கியிருந்தன. பழனிச்சாமி எங்களைப் பார்க்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கையைத் தள்ள இரண்டு ஹெச்.பி. மோட்டார் போதும் என்று கணக்கு. சண்முகம் ஏழரை போட்டிருந்தார். 'எதுக்குங்க குறைச்சலா வெச்சுக்கிட்டு?' சுவிட்சைப் போட்டதும் காற்றாலை கம்பீரமாகச் சுற்றியது. கைதட்டினோம். சுவிட்சை நிறுத்தியதும் நின்றது. மறுபடி போட்டோம், சுற்றியது. சாலையில் போனவர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். கரண்டைச் செலவழித்துக் காற்று வீசிய உலகின் மிகப் பெரிய மின்விசிறிகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம்.

'காத்து இன்னும் பத்தலீங்க. ஆடி வரட்டும்,' என்றார் வரதராஜுலு.

அப்போதுதான் பழனிச்சாமி தொண்டையைச் செருமினார். 'ஏனுங்க, ஆடி வரைக்கும் அந்த மோட்டாருக்கு மேல வேலையில்லீங்களே. சும்மா கெடந்தா துரு புடிச்சுக்குமுங்க. கீழ எறக்கிக் கெணத்துப் பம்புல மாட்டி வெச்சா, மோட்டாரும் பழுதில்லாம இருக்கும்.'

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மோட்டார் பழுதாகக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. காற்றாலை ஓடவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை.

'துருப்புடிச்சா எம்பேருதானுங்க கெடும்,' என்றார் சண்முகம்.

மத்தியானத்துக்குள் சங்கிலி போட்டு மோட்டாரை இறக்கிவிட்டார்கள். இரண்டு ஹெச்.பி. வாங்கியிருந்தால் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் கூட ஏறியிருக்காது. ஏழரைக்குத் தண்ணீர் குழாய் நிறைய வந்து, வாய்க்காலில் இறங்கி, முதல் வரிசைக் கன்றுகளை எட்டியது. சரஸ்வதி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனார். போகிறபோது சண்முகத்தைப் பார்த்து, 'அண்ணா, உங்க காத்தாடி நல்லா எறைக்குதுங்க,' என்றார். கரண்ட் பில் கூட்டு முயற்சியின் பெயரில் வந்தது. மோட்டாரைப் பராமரிக்கும் செலவு என்று அதை நால்வரும் பகிர்ந்துகொண்டார்கள். என் புத்தகம் அச்சாகவில்லை. வாங்கிய தாளில் தனபாலின் மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாயிற்று.

ஆடியில் ஒரு நாள் பெருங்காற்று அடித்து, கம்பி அறுந்து, வட்டாரம் முழுக்கக் கரண்ட் போயிருக்கிறது. ஓடுவதற்குக் கம்பியில் கரண்ட் வேண்டியிருந்ததால் அந்தப் பக்கத்து வெளிநாட்டுக் காற்றாலைகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. எங்களுடையது மட்டும் தானாகச் சுற்றியதாம், சாயங்காலம் வரை. பழனிச்சாமி ஃபோன் செய்து சொன்னார். தண்ணீர் எடுத்தீர்களா என்று கேட்டேன். 'மழைங்க,' என்றார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வைகாசி முதல் ஆவணி வரை போங்கள். மற்ற மாதங்களில் எல்லாக் காற்றாலைகளும் எங்களுடையது மாதிரித்தான். வேட்டிக்கு பெல்ட் அவசியம். உடுமலையில் மதியம் அரிசிம்பருப்புச் சாதம் கிடைத்தால் நெய் கேட்டு வாங்குங்கள். கூட்டு முயற்சிகளைப் பார்வையிடும்போது எந்தப் பாகம் யார் செய்தது என்று கேட்காதீர்கள். எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள், பஸ்ஸைத் தவற விடுவீர்கள். நாலு பேர் கூடி எதையாவது செய்யப்போவதாகச் சொன்னால், குறை சொல்வதற்கென்றே ஐந்தாவதாக ஒருவரை வெளியூரிலிருந்து சேர்த்துக்கொள்வது நல்லது. அவருக்கு வண்டியில் இடமும் ஒதுக்கி வையுங்கள்.

சில வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது இறங்கினேன். கோபுரம் துருப்பிடிக்காமல் நின்றது, தனபால் பெயர் தூரத்திலிருந்தே தெரிந்தது. இறக்கை மேல் இரண்டு மைனா. மரங்கள் காய்த்திருந்தன. பழனிச்சாமி இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு, நல்ல இனிப்பு என்றேன்.

'காத்தாடித் தண்ணிங்க,' என்றார் அவர், சிரிக்காமல்.