வாசல் நிலையில் வெறும் நூல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். தெருக்குழாயில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது மூன்றாம் வீட்டு வாசல் நிலை. முந்தின நாள் அங்கே தொங்கிய வேப்பிலைக் கொத்தைக் காணவில்லை. அதைக் கட்டியிருந்த மஞ்சள் நூல் மட்டும் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் அக்காளிடம் சொன்னேன். அம்மை கண்ட வீட்டில் இலை இறங்கினால், தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்தது, இனிப் போகலாம் வரலாம் என்று பொருள். அதற்குள்ளாகவா என்று அவள் கேட்டாள். லேசாகப் போட்டிருக்கும் என்றேன். இலை கட்டி இரண்டே நாள் ஆகியிருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. நாளும் நேரமும் பார்த்துச் செய்தி எழுதுவதுதான் என் தொழில். அன்று வெறும் நூலைப் பார்த்து முடிவுக்கு வந்தேன்.

அக்காளின் நான்கு வயது மகள் அன்று பகல் முழுவதும் மூன்றாம் வீட்டுப் பெண்ணோடு விளையாடினாள். இரண்டும் ஒரே தட்டில் கஞ்சி குடித்தன.

மலாய்க் கரையோரத் தீவில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குப் பின்புறம் ஏழு வீடுகள் கொண்ட வரிசை அது. அத்தானுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரின் ரயில் கிடங்கில் வேலை. வாரம் ஒருமுறை படகேறி வருவார். நான் அக்காளோடு தங்கி, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். அந்த வரிசையில் வேப்பிலைக்கு இருந்த மரியாதை எந்தச் சட்டத்துக்கும் இருந்ததில்லை. ஒரு வாசலில் இலை ஏறினால் வண்ணான் அந்த வீட்டுத் துணியைத் தொடமாட்டான். தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். காலையில் ரொட்டி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரிகூட ரொட்டியைப் படியில் வைத்து, குரல் கொடுத்துவிட்டு விலகிப் போவார். எல்லாரும் ஆத்தாளுக்குப் பயந்து செய்தார்கள். பயம் எதுவாயினும், நோய் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவர்களில் நான் ஒருவன். சில வாரங்களுக்கு முன் ஒரு கப்பலில் பெரியம்மை வந்ததாக ஊரில் பேச்சு. சுகாதார அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். மக்கள் பிள்ளைகளை ஒளித்தார்கள். நான் எட்டு வரிச் செய்தி ஒன்று எழுதினேன். வேப்பிலை கட்டிய வீடுகளை அதிகாரிகள் முதலில் கவனித்தால் வேலை எளிதாகும் என்பது அதன் கடைசி வரி. எழுதியபோது அது எனக்குச் சாமர்த்தியமாகத் தோன்றியது. அதிகாரிகளுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். அதன்பின் அவர்கள் பிள்ளையின் உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு இலையைப் பார்த்தார்கள். பெரியம்மையா, மணல்வாரி என்கிற தட்டம்மையா, கொப்புளமா என்ற கேள்வியே இல்லை. இலை தொங்கினால் மூடுவண்டி வரும்; பிள்ளையை ஊருக்கு வெளியே உள்ள தகரக் கொட்டகைக்கு ஏற்றிப் போகும். படித்துப் பட்டம் பெற்றவர்கள் நடத்திய இலாகா அது.

ஒரே தட்டில் கஞ்சி குடித்த பதினோராம் நாள் அக்காள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்து நீர் வடிந்தன, ஓயாத இருமல். நான்காம் நாள் காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், மார்பு என்று மணல் தூவியதுபோல் தடிப்பு இறங்கியது.

நான் மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்றேன். கோபத்தோடுதான் போனேன். இலையை ஏன் அவிழ்த்தீர்கள், தண்ணீர் ஊற்றியாயிற்று என்றல்லவா நினைத்தோம் என்று கேட்டேன். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கட்டி வெச்சா வண்டி வந்து நிக்குது தம்பி. எவனோ படிச்சவன் பேப்பர்ல எழுதிட்டானாம், எல இருக்கிற வீடா பாத்துப் போங்கன்னு. ஒங்க ஆபீஸ்லதானே அச்சடிக்கிறாங்க? யாருன்னு கேட்டுச் சொல்லுங்கலா. அவன் வீட்டு வாசல்ல நானே போய்க் கட்டிட்டு வரேன்."

நேரே அலுவலகத்துக்குப் போய், அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்புப் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். மணல்வாரி கண்ட பிள்ளையை வீட்டிலேயே தனியாக வைத்துப் பார்க்கலாம், இலையைக் கண்டு வண்டி அனுப்பவேண்டாம் என்று நான்கு வரி போதும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். வேப்பிலைக்கு மறுப்புச் செய்தி போட்ட முதல் பத்திரிகை என்று ஊர் சிரிக்கும் என்றார். அருகிலிருந்தவர்கள் உடனே சிரித்துக் காட்டினார்கள். அந்த இடத்தை ஒரு தைல விளம்பரம் நிரப்பியது. அம்மையையும் தீர்க்கும் தைலமாம்.

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பின்சந்து வழியாக வந்து பார்த்தார். மணல்வாரிதான், சந்தேகமில்லை என்றார். இதைத் தீர்க்கும் மருந்து எவனிடமும் இல்லை, இருக்கிறது என்பவனை உள்ளே விடாதீர்கள் என்றும் சொன்னார். காய்ச்சி ஆறவைத்த நீரால் கண்ணைத் துடைக்க வேண்டும்; அடிக்கடி குடிக்கக் கொடுக்க வேண்டும்; பட்டினி போடக்கூடாது; மூச்சு இரைத்தால் ஆளனுப்ப வேண்டும். போகும்போது, கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்களை அண்டவிடாதீர்கள் என்றார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அதன் தாய் அன்று காலையில்தான் நெருப்பு வாங்க எங்கள் வாசல்வரை வந்து, அக்காள் வாசலில் நின்றிருந்ததால் உள்ளே வராமல் அங்கேயே வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

அக்காளுக்கு அது உறைத்தது. இலை கட்டினால் வண்டி. கட்டாவிட்டால் அடுத்த சுவர்க் குழந்தை. அப்போதுதான் அந்த எட்டு வரியை எழுதியவன் நான் என்று அவளிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீயே கட்டுடா," என்றாள்.

கோயில் மரத்தில் ஒடித்து வந்து நானே கட்டினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. இறங்கிய சேவகன் தமிழன். பிள்ளையை மறுபடி பார்க்க வந்திருந்த டிரஸ்ஸர் உள்ளிருந்து ஓடிவந்து, இது மணல்வாரி, வேண்டுமானால் உள்ளே வந்து பார் என்றார். அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. அண்ணாந்து இலையைப் பார்த்தான்.

"புள்ளிய ஆராயறது அங்க இருக்கிற டாக்டர் வேல ஐயா. எனக்கு எலதான் கணக்கு. நீங்க எல்லாத்தையும் அம்மன்னுதானே கும்பிடறீங்க? அப்புறம் எங்கிட்ட மட்டும் வேற வேறன்னா எப்படி?"

நான் பத்திரிகைக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த யோசனையைச் சொன்னதே பத்திரிகைதான் என்றான்.

அக்காளும் பிள்ளையோடு வண்டியில் ஏறினாள். கொட்டகையில் நான்காம் நாள்தான் டாக்டர் வந்தார். மணல்வாரி என்று ஒரு பார்வையில் சொல்லிவிட்டு, கூட்டிப்போகலாம் என்றார். காகிதம் கையெழுத்தாக மேலும் ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் பிள்ளையின் இடது காதில் சீழ் வடியத் தொடங்கியிருந்தது. அங்கே அதைத் துடைக்கப் பஞ்சுகூட இல்லை. அக்காள் தன் முந்தானையைக் கிழித்துத் துடைத்திருக்கிறாள். அந்தக் காது பிறகு கேட்கவில்லை.

அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கு மணல்வாரி வரவில்லை.